பொது நாணயத் திட்டத்தை எடைபோடுவது எப்படி?

பல நாடுகள் தங்கள் நாணயங்களைக் கைவிட்டு ஒரே நாணயத்துக்கு மாறப்போகின்றன என்ற அறிவிப்பு வரும்போதெல்லாம், கூடவே தடித்த அறிக்கையொன்றும் வருகிறது. பணவீக்கம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், நிதிப் பற்றாக்குறை எந்த அளவைத் தாண்டக் கூடாது, எந்த ஆண்டில் புதிய தாள்கள் புழக்கத்துக்கு வரும் என்பவை அதில் அட்டவணைகளாக அடுக்கப்பட்டிருக்கும். பொருளாதாரம் படிக்கும் மாணவருக்கும், அதைப் பற்றி எழுத வேண்டிய இதழாளருக்கும், நாடாளுமன்றக் குழுவில் அமர்ந்து வாக்களிக்க வேண்டியவருக்கும் அந்த அட்டவணைகளைப் படித்து முடிப்பதே பெரும் வேலையாகிவிடுகிறது. அட்டவணைகள் தேவைதான். ஆனால் நாணயத்தின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் வழி அடைபட்ட பிறகு கெட்ட காலத்தின் சுமை யார் தலையில் இறங்கும் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இருக்காது. அந்த விடையைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்பதையே இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

ஏற்பாட்டின் வகையை முதலில் அடையாளம் காணுங்கள்

நாணய இணைப்பு என்ற ஒரே பெயரால் நான்கு வெவ்வேறு ஏற்பாடுகளைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு நாடு தன் நாணயத்தை வைத்துக்கொண்டே அதன் மதிப்பை இன்னொன்றுடன் பிணைத்துவிடலாம். லெசோத்தோ, எஸ்வாத்தினி, நமீபியா ஆகிய மூன்றின் நாணயங்களும் தென்னாப்பிரிக்காவின் ராண்டுடன் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பிணைக்கப்பட்டிருப்பது இந்த வகை. பிணைப்பைச் சட்டமாகவே இயற்றி, கையிருப்பில் உள்ள அந்நியச் செலாவணிக்கு ஈடாக மட்டுமே உள்நாட்டுப் பணத்தை வெளியிடலாம் என்று மைய வங்கியின் கையைக் கட்டிவிடுவது இரண்டாவது வகை. நாணய வாரியம் எனப்படும் இம்முறையை எஸ்தோனியா 1992-இலும் பல்கேரியா 1997-இலும் மேற்கொண்டன. சொந்த நாணயத்தையே நீக்கிவிட்டு அயல்நாட்டு நாணயத்தைப் புழங்குவது மூன்றாவது வகை. எக்குவடோர் 2000ஆம் ஆண்டில் 25,000 சுக்ரேக்கு ஒரு டாலர் என்ற கணக்கில் அமெரிக்க டாலருக்கு மாறியது. நான்காவது வகையில்தான் பொது மைய வங்கி ஒன்று உருவாகி, எல்லா உறுப்பு நாடுகளுக்குமாகப் பணத்தை வெளியிடுகிறது. யூரோ வட்டாரமும், பாஸ்டேர் நகரில் 1983 முதல் இயங்கும் கிழக்குக் கரீபிய மைய வங்கியும், டாக்காரைத் தலைமையிடமாகக் கொண்டு எட்டு நாடுகளுக்குச் சி.எஃப்.ஏ. ஃபிராங்கை வெளியிடும் மேற்கு ஆப்பிரிக்க மைய வங்கியும் இவ்வகையைச் சேர்ந்தவை.

உங்கள் முன் இருக்கும் திட்டம் எந்த வகை என்பதை அதன் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அந்த நாட்டுக்கு வாக்கு உண்டா, நல்ல நிலையில் உள்ள வங்கியொன்று ஒரு நாள் பணமில்லாமல் தவித்தால் அதற்கு மறுநாள் காலைக்குள் கடன் கொடுக்கப் போவது யார், பணம் வெளியிடுவதால் கிடைக்கும் வருவாய் எந்தக் கருவூலத்துக்குப் போகிறது ஆகிய மூன்றையும் திட்டத்தின் வாசகத்தில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால், அந்த ஆவணம் இன்னும் திட்டமாகவில்லை, விருப்பமாக மட்டுமே இருக்கிறது என்று கொள்ளலாம்.

இழக்கப்போவது என்ன என்பதைக் கணக்கிடுங்கள்

ஒரு நாட்டின் ஏற்றுமதிப் பொருளின் விலை உலகச் சந்தையில் சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாணயம் தன் கையில் இருந்தால், அதன் மதிப்பு இறங்கி, இறக்குமதி விலை ஏறி, எல்லாருடைய வாங்கும் சக்தியும் ஒரே நேரத்தில் சிறிது குறையும். வலி உண்டு, ஆனால் அது பரவலாக விழுகிறது. நாணயம் கையில் இல்லாவிட்டால் அதே சரிவு கூலிக் குறைப்பாகவோ, வேலையிழப்பாகவோ, அரசின் கடனாகவோ, மக்கள் வெளிநாடு போவதாகவோ, வேறு நாட்டிலிருந்து வரும் உதவியாகவோ உருமாறும். ஆறாவது வழி கிடையாது. எனவே அந்த நாட்டின் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் மோசமான மூன்று ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நாணயத்தின் மதிப்பு எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். பிறகு அந்த இறக்கம் நடந்திருக்கவே முடியாது என்று வைத்துக்கொண்டு, மேலே சொன்ன ஐந்து வழிகளில் எதன் வழியாகச் சுமை இறங்கியிருக்கும் என்று எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத இந்தப் பயிற்சி, நூறு பக்க அறிக்கையைவிட அதிகம் சொல்லும் என்பது என் நம்பிக்கை.

இதற்கு இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1948 முதல் 50 சி.எஃப்.ஏ. ஃபிராங்குக்கு ஒரு பிரெஞ்சு ஃபிராங்கு என்ற விகிதம் அசையாமல் இருந்தது. 1980களில் கொக்கோ, காப்பி போன்ற விளைபொருள்களின் விலை வீழ்ந்தபோது அந்த நாணயத்தைப் புழங்கிய மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளின் ஏற்றுமதி வருவாய் சுருங்கியது. விகிதத்தைத் தொடாமல் செலவைக் குறைத்தே சமாளிக்க முயன்று பல ஆண்டுகள் கழிந்தன. கடைசியில் 1994 ஜனவரி 12 அன்று விகிதம் ஒரே அடியாக 100-க்கு ஒன்று என்று மாற்றப்பட்டது. சேமிப்பாளர்களின் பிரெஞ்சு ஃபிராங்கு மதிப்பு ஓர் இரவில் பாதியானது. தள்ளிப்போடப்பட்ட சுமை மொத்தமாக இறங்குவது இப்படித்தான். மறுபக்கத்தில் லாட்வியா, 2008-இல் தொடங்கிய நெருக்கடியில் யூரோவுடனான பிணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டது. அரசு ஊழியர் ஊதியம் வெட்டப்பட்டது, மொத்த உள்நாட்டு உற்பத்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது, வேலையின்மை 20 சதவீதத்தை நெருங்கியது, இளைஞர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியேறினர். 2014-இல் அந்த நாடு யூரோவில் சேர்ந்தது. இதை வெற்றி என்று சொல்வோரும் உண்டு, அழிவு என்று சொல்வோரும் உண்டு; சுமையை ஏற்றுக்கொள்ள அந்தச் சமூகம் அன்று உடன்பட்டது என்பதை மட்டும் இரு தரப்பாரும் மறுக்க மாட்டார்கள்.

கோட்பாட்டளவில் இதற்கு அடித்தளமிட்டவர் பொருளாதார அறிஞர் ராபர்ட் மண்டெல். உழைப்பாளர் எளிதாக இடம்பெயரும் எல்லைக்குள்தான் ஒரே நாணயம் பொருந்தும் என்று 1961-இல் அவர் வாதிட்டார். வெளிவணிகத்தை மிகுதியாகச் சார்ந்த சிறிய பொருளாதாரத்துக்கு மாற்று விகிதத்தால் பெரிய பயனில்லை என்று 1963-இல் ரொனால்ட் மெக்கின்னன் சேர்த்தார். பல்வகைத் தொழில்கள் உள்ள நாடு அதிர்ச்சியைத் தாங்கும், பொது வரவு-செலவுத் திட்டமும் வேண்டும் என்று 1969-இல் பீட்டர் கெனன் சேர்த்தார். இந்த மூவரின் அளவுகோல்களையும் ஒரு நாட்டுக்குப் பொருத்திப் பார்க்கும்போது கடைசியானதில் கூடுதல் கவனம் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரவு-செலவுத் திட்டம் அதன் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் மட்டுமே. கூட்டாட்சி நாடொன்றில் நடுவண் அரசின் வரியும் உதவித்தொகையும் நலிந்த மாநிலத்தைத் தாங்குவதுபோல் அந்தத் தொகையால் தாங்க முடியாது.

தகுதி அளவுகோல்களைப் படிக்கும் முறை

பெரும்பாலான திட்டங்கள், யூரோவுக்கு வழிவகுத்து 1992 பிப்ரவரியில் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் அளவுகோல்களையே முன்மாதிரியாகக் கொள்கின்றன. பணவீக்கம், மிகச் சிறப்பாகச் செயல்படும் மூன்று நாடுகளின் சராசரியைவிட 1.5 சதவீதப் புள்ளிக்கு மேல் போகக் கூடாது. நீண்டகால வட்டி, அதே மூன்று நாடுகளின் சராசரியைவிட 2 சதவீதப் புள்ளிக்கு மேல் போகக் கூடாது. அரசின் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள்ளும், கடன் 60 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் அல்லது அதை நோக்கி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் மாற்று விகிதம் கடும் அழுத்தமின்றி நிலைத்திருக்க வேண்டும்.

3, 60 ஆகிய எண்கள் எங்கிருந்து வந்தன என்று பலர் கேட்பதில்லை. ஒரு நாட்டின் வருமானம், பணவீக்கத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால், ஆண்டுதோறும் 3 சதவீதப் பற்றாக்குறை வைத்தாலும் கடன் 60 சதவீதத்தில் நிலைபெறும், மூன்றை 0.05 ஆல் வகுத்தால் 60 வரும். வளர்ச்சி 2 சதவீதமாக இறங்கிவிட்டால் அதே 3 சதவீதப் பற்றாக்குறை கடனை 150 சதவீதம் வரை இழுத்துச் செல்லும். ஆகவே 3 சதவீதம் என்ற எல்லையை அறிக்கையில் பார்த்தவுடன், பணவீக்கத்தையும் சேர்த்து அந்த வட்டாரம் நடைமுறையில் காணும் வளர்ச்சி வீதத்தால் வகுத்துப் பாருங்கள். இந்த ஒரு வகுத்தலே, வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய எண்ணா, அந்த நாடுகளுக்காகவே கணக்கிட்ட எண்ணா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அளவுகோலை எவ்வளவு கண்டிப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2006-இல் லிதுவேனியாவின் சராசரிப் பணவீக்கம் 2.7 சதவீதம், அனுமதிக்கப்பட்ட அளவு 2.6 சதவீதம். அந்த ஒரு தசமத்துக்காக விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அளவை நிர்ணயிக்கப் பயன்பட்ட மூன்று நாடுகளில் சுவீடனும் போலந்தும் யூரோவையே புழங்காதவை என்பது அப்போதே விமர்சிக்கப்பட்டது. லிதுவேனியா 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் 2001-இல் சேர்ந்த கிரேக்கத்தின் விஷயத்தில், தகுதிக்கு அடிப்படையான 1999ஆம் ஆண்டுப் பற்றாக்குறை உண்மையில் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தது என்பது 2004-இல்தான் தெரியவந்தது. 2009ஆம் ஆண்டுப் பற்றாக்குறை பலமுறை திருத்தப்பட்டு இறுதியில் 15 சதவீதத்துக்கு மேல் என்று முடிந்தது. ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகத்துக்குத் தணிக்கை அதிகாரமே 2010-இல்தான் கிடைத்தது. எனவே எண்ணைப் பார்ப்பதற்கு முன் எண்ணைத் தருபவரைப் பாருங்கள். புள்ளியியல் அலுவலகம் நிதி அமைச்சரின் கீழ் இயங்குகிறதா, அதன் தலைவரை எளிதில் நீக்க முடியுமா, கணக்குகளை வெளியார் வந்து சரிபார்க்கச் சட்டம் இடம் தருகிறதா என்பவை பணவீக்க எண்ணைவிட முக்கியமானவை.

அளவுகோல்கள் அரசை மட்டுமே பார்க்கின்றன என்பது இன்னொரு பெரிய குறை. 2007-இல் ஸ்பெயினின் வரவு-செலவுக் கணக்கில் உபரி இருந்தது, அரசுக் கடன் 40 சதவீதத்துக்கும் கீழே. அயர்லாந்தின் கடன் 25 சதவீத அளவில்தான் இருந்தது. எந்தத் தேர்விலும் இவ்விரண்டும் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கும். ஆனால் பொது வட்டி விகிதம் இந்த நாடுகளின் வேகத்துக்கு மிகத் தாழ்வாக இருந்ததால், வீட்டுக் கடனும் கட்டுமானக் கடனும் பெருகி, அது வெடித்தபோது வங்கிகளின் நட்டம் அரசின் தோளுக்கு மாறியது. வங்கிகளைத் தாங்கியதால் 2010-இல் அயர்லாந்தின் பற்றாக்குறை உற்பத்தியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. ஆகவே அறிக்கை தரும் அட்டவணைக்குப் பக்கத்தில் உங்கள் சொந்த அட்டவணை ஒன்றைப் போடுங்கள்: தனியார் கடன் எவ்வளவு வேகமாக வளர்கிறது, நாட்டின் வெளிநாட்டு வரவு-செலவான நடப்புக் கணக்கில் எவ்வளவு பற்றாக்குறை, உற்பத்தித் திறனைவிடக் கூலி வேகமாக ஏறுகிறதா, வீட்டு விலை எங்கே போகிறது. பத்து ஆண்டுகளுக்குப் போட்டால் போதும்.

மாற்று விகிதம் என்னும் ஒரே ஒரு எண்

நிபந்தனைகளை விவாதிப்பதில் செலவாகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட, பழைய நாணயத்தை எந்த விகிதத்தில் புதியதாக மாற்றுவது என்பதில் செலவாவதில்லை. அதன் விளைவோ ஒரு தலைமுறைக்கு நிற்கிறது. 1990 ஜூலை 1 அன்று கிழக்கு ஜெர்மனி மேற்கு ஜெர்மனியின் மார்க்குக்கு மாறியது. கூலியும் ஓய்வூதியமும் ஒன்றுக்கு ஒன்று. சேமிப்பில் குழந்தைகளுக்கு 2,000 மார்க்கு, பெரியவர்களுக்கு 4,000, முதியவர்களுக்கு 6,000 வரை ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. கிழக்கில் இருந்தவர்களுக்கு நியாயமாகத் தோன்றிய இந்த விகிதம் அரசியல் தேவையாகவும் இருந்தது. மறுத்திருந்தால் மக்கள் மேற்கு நோக்கி நடந்திருப்பார்கள். ஆனால் மேற்கின் உற்பத்தித் திறனில் சிறு பங்கே கொண்ட தொழிற்சாலைகள், ஒரே இரவில் மேற்கின் நாணயத்தில் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. அவற்றின் பொருள்களை வாங்கிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் அந்த விலை எட்டவில்லை. சில மாதங்களிலேயே கிழக்கின் தொழில் உற்பத்தி ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. இதையும் தாங்க முடிந்ததற்குக் காரணம், மேற்கின் வரிப்பணம் ஆண்டுதோறும் கிழக்குக்குப் போனதும், ஒரே மொழி பேசும் மக்கள் தடையின்றி இடம்பெயர முடிந்ததும்தான். அந்த இரண்டும் இல்லாத நாடுகளுக்கிடையே இதே தவறு நடந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

விகிதத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரு நாடுகளிலும் ஒரே வகைப் பொருளைச் செய்யும் தொழிலை எடுத்துக்கொண்டு, ஒரு அலகுக்கு ஆகும் கூலிச் செலவை முன்மொழியப்பட்ட விகிதத்தில் மாற்றிப் பாருங்கள். சேரப்போகும் நாட்டில் அது கூடுதலாக வந்தால் விகிதம் மிகையானது.

விகிதம் முடிவான பிறகு செயல்முறை விதிகள் வருகின்றன. இவை சிறியவை, ஆனால் பிழை நேர்ந்தால் மக்கள் முதலில் உணர்வது இவற்றையே. யூரோவின் விகிதங்கள் ஆறு இலக்கங்களில் நிர்ணயிக்கப்படுகின்றன. அந்த இலக்கங்களைச் சுருக்கவோ, தலைகீழ் விகிதத்தைப் பயன்படுத்தவோ அனுமதியில்லை. குரோவேஷியா 2023 ஜனவரி 1 அன்று சேர்ந்தபோது ஒரு யூரோவுக்கு 7.53450 குனா. 10,000 குனா ஊதியத்தை அந்த எண்ணால் வகுத்தால் 1,327.23 யூரோ. வசதிக்காக 7.5 என்று சுருக்கியிருந்தால் 1,333.33 வந்திருக்கும், ஒரே ஊதியத்தில் ஆறு யூரோ வேறுபாடு. நாட்டின் எல்லா ஒப்பந்தங்களுக்கும் இதைப் பெருக்கிப் பாருங்கள். அங்கே 2022 செப்டம்பர் முதல் 2023 இறுதி வரை எல்லா விலைகளும் இரு நாணயங்களிலும் காட்டப்பட வேண்டும் என்பது சட்டமாக இருந்தது. புதிய திட்டமொன்றில் இத்தகைய இரட்டை விலைக் காட்சிக்கும், முறையீடு செய்யும் இடத்துக்கும் தெளிவான விதி உள்ளதா என்று பாருங்கள்.

பணத்தை உண்டாக்குபவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை எழுப்பாமல் விட்டதால் குலைந்த ஏற்பாடுகளில் மிகப் பெரியது ரூபிள் வட்டாரம். 1991 இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது பதினைந்து நாடுகள் உருவாயின. எல்லாவற்றிலும் ரூபிள்தான் புழங்கியது. தாள் அச்சிடும் அச்சகம் மாஸ்கோவின் கையில் மட்டும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாட்டின் மைய வங்கியும் தன் அரசுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ரூபிளில் கடன் எழுதிக் கொடுக்க முடிந்தது. கடன் கொடுத்த நாட்டுக்கு அதன் பலன் முழுவதும் கிடைத்தது. அதனால் ஏறும் விலைவாசியோ பதினைந்து நாடுகளுக்கும் பகிரப்பட்டது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் கட்டுப்பாட்டோடு இருப்பவரே முட்டாளாகிறார். பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போயிற்று. தாள்கள் போதாமல் உக்ரைன் 1992 ஜனவரியிலேயே பணத்தைப் போலப் புழங்கும் பற்றுச்சீட்டுகளை வெளியிட்டது. 1993 ஜூலையில் ரஷ்யா பழைய தாள்களைச் செல்லாதவையாக அறிவித்தபோது அந்த வட்டாரம் நடைமுறையில் முடிந்தது.

அதிலிருந்து முதலில் விலகிய எஸ்தோனியா செய்ததை இந்தத் துறையில் உள்ளவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் அதன் எளிமை. 1992 ஜூன் 20 அன்று தொடங்கி, ஒவ்வொருவரும் 1,500 ரூபிள் வரை, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் புதிய நாணயமான குரூனாக மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. அதாவது ஒருவர் கையில் 150 குரூன். எட்டுக் குரூனுக்கு ஒரு ஜெர்மானிய மார்க்கு என்ற விகிதம் சட்டத்திலேயே எழுதப்பட்டது. போருக்கு முன் வெளிநாட்டு வங்கிகளில் வைக்கப்பட்டிருந்த தங்கம் திரும்பக் கிடைத்ததால் தொடக்கக் கையிருப்பு கிடைத்தது. அரசுக்குக் கடன் கொடுக்க மைய வங்கிக்கு வழியே இல்லை. மிகக் கடுமையான ஏற்பாடுதான். ஆனால் சுமை எங்கே இறங்கும் என்பது முதல் நாளிலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே திட்டத்தின் சட்ட வாசகத்தில், பொது மைய வங்கி உறுப்பு அரசுகளுக்கு நேரடியாகக் கடன் தரலாமா, தரக்கூடாது என்றால் விதிவிலக்கு எத்தனை, கையிருப்பு எந்த அளவுக்குக் குறையலாம் என்பவற்றைத் தேடுங்கள். கிழக்குக் கரீபியத்தில் வெளியிடப்பட்ட பணத்துக்குக் குறைந்தது 60 சதவீதம் அந்நியக் கையிருப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபிய டாலர் என்ற விகிதம் 1976 முதல் மாறவே இல்லை. சிறிய தீவுகளின் இந்த ஒன்றியத்துக்குப் பேரறிக்கைகளில் இடம் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். பொது நாணயம் அமைதியாக இயங்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது.

ஓரிடத்து யூரோ இன்னோரிடத்து யூரோவுக்குச் சமமா?

வங்கிகளைப் பற்றிய அத்தியாயம் பெரும்பாலான திட்டங்களில் மிக மெலிந்திருக்கும். அங்கேதான் அழுத்திப் படிக்க வேண்டும். 2013 மார்ச்சில் சைப்ரஸில் வங்கிகள் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் மூடப்பட்டன. திறந்தபோது ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு வங்கியில் 300 யூரோ மட்டுமே எடுக்க முடிந்தது. பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடுகள் வந்து, 2015 வரை முழுமையாக நீங்கவில்லை. 2015 கோடையில் கிரேக்கத்தில் அந்த வரம்பு ஒரு நாளைக்கு 60 யூரோ. தாளில் ஒரே பெயர், ஒரே எண், ஒரே கையெழுத்து. ஆனால் ஒரு நாட்டு வங்கிக் கணக்கில் இருந்த யூரோவால் இன்னொரு நாட்டில் தடையின்றிப் பொருள் வாங்க முடியவில்லை. பொது நாணயம் உண்மையில் பொதுவானதா என்பதற்கு இதைவிடக் கூர்மையான சோதனை இல்லை.

யூரோ தொடங்கியது 1999-இல். பெரிய வங்கிகளை ஐரோப்பிய மைய வங்கி நேரடியாக மேற்பார்வையிடத் தொடங்கியது 2014 நவம்பரில். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் பணம் பொதுவாக இருந்தது, வங்கிகளுக்கான பொறுப்போ ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியாக இருந்தது. பலவீனமான அரசு பலவீனமான வங்கியைத் தாங்க, அந்த வங்கி அதே அரசின் கடன் பத்திரங்களை வாங்க, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மூழ்கும் நிலை வந்தது. 2012 ஜூலையில் ஸ்பெயினின் பத்தாண்டுக் கடன் பத்திரத்தின் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அம்மாதம் 26-ஆம் நாள் மைய வங்கித் தலைவர் மரியோ டிராகி, யூரோவைக் காக்கத் தேவையான எதையும் செய்வோம் என்று லண்டனில் அறிவித்த பின்னர்தான் அது இறங்கத் தொடங்கியது. அதற்காக வகுத்த கடன் பத்திரக் கொள்முதல் திட்டத்தை ஒருமுறைகூடப் பயன்படுத்த நேரவில்லை. வைப்புத்தொகைக் காப்பீடு மட்டும் இன்றும் அந்தந்த நாட்டின் பொறுப்பாகவே இருக்கிறது. உங்கள் முன்னுள்ள திட்டத்தில் வங்கி மேற்பார்வை, நலிந்த வங்கியை மூடும் அதிகாரம், வைப்புத்தொகைக் காப்பீடு ஆகிய மூன்றும் எந்த ஆண்டில் பொதுவாக்கப்படும் என்று பாருங்கள். நாணயத்துக்குப் பிறகு என்று எழுதியிருந்தால், யூரோவின் பதினைந்து ஆண்டுகளை நினைவில் வைத்து அதற்கு எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்.

சீர்திருத்தங்களின் வரிசை

சேர்ந்த பிறகு சீர்திருத்தம் தானாக வரும் என்ற நம்பிக்கை பரவலானது. ஆனால் சேர்ந்தவுடன் வட்டி இறங்குகிறது, கடன் எளிதாகக் கிடைக்கிறது, அவசரம் போய்விடுகிறது. அனுபவம் காட்டுவது இதையே. 2003 நவம்பரில் பிரான்சும் ஜெர்மனியும் பற்றாக்குறை விதியை மீறியபோது தண்டனை நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. பெரிய நாடுகளுக்கே தளர்த்தப்பட்ட விதியைச் சிறிய நாடுகளிடம் வலியுறுத்துவது அதன் பிறகு கடினமாயிற்று. எனவே நுழைவதற்கு முன் முடிந்திருக்க வேண்டியவற்றைத் தனியாகப் பிரியுங்கள்: மைய வங்கியின் தன்னாட்சிச் சட்டம், தன்னாட்சியுள்ள புள்ளியியல் அலுவலகம், அரசு வங்கிகளின் வாராக்கடன் சுத்திகரிப்பு, வரி வசூல் அமைப்பு. கூலி நிர்ணயமும் இந்த வரிசையில் சேர வேண்டியது. நாணயம் போன பிறகு நாட்டின் போட்டித் திறனைக் காக்கும் முதன்மைக் கருவி கூலிதான். தொழிற்சங்கங்களையும் முதலாளிகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் ஏற்பாடு முன்பே இல்லாத நாட்டில், நெருக்கடி நேரத்தில் அதை உருவாக்க முடிவதில்லை.

அறிவிக்கப்படும் தேதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் எக்கோ நாணயத்துக்கு 2003, 2005, 2009, 2015, 2020 என்று தேதிகள் குறிக்கப்பட்டு, இப்போது 2027 குறிக்கப்பட்டுள்ளது. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 2013-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 2024 இலக்கு 2031-க்குத் தள்ளப்பட்டது. வளைகுடா நாடுகள் 2010-ஐக் குறித்திருந்தன. ஓமன் முன்பே விலகிக்கொள்ள, பொது அமைப்பின் தலைமையிடமாக ரியாத் தேர்வானதும் 2009 மே மாதத்தில் ஐக்கிய அரபு அமீரகமும் விலகியது. தேதி தள்ளிப்போவது கேவலமல்ல; தயாராகாமல் சேர்வதைவிட அது மேல். தேதி மாறும்போது நிபந்தனைகளும் சேர்ந்து மாறுகின்றனவா என்பதை மட்டும் கவனியுங்கள்.

வெளியேறும் வழியைத் தேடுங்கள்

செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று அமைதியாக இரண்டு நாடுகளாகப் பிரிந்தபோது, குறைந்தது ஆறு மாதங்களுக்குப் பொது நாணயம் தொடரும் என்று இரு தரப்பும் உடன்பட்டிருந்தன. ஸ்லோவாக்கியாவின் பணம் பின்னர் மதிப்பிழக்கும் என்று எண்ணியவர்கள் வைப்புத்தொகையைச் செக் வங்கிகளுக்கு மாற்றத் தொடங்கினர். பிப்ரவரி 8 அன்று, ஆறு வாரங்கள்கூட நிறைவதற்குள், நாணயம் பிரிந்தது. புதிய தாள்கள் அச்சாகியிருக்கவில்லை. பழைய தாள்களின் மேல் சிறிய முத்திரைச் சீட்டுகளை ஒட்டி, எது எந்த நாட்டுடையது என்று பிரித்தார்கள். மதிப்புக் குறைந்த தாள்களும் சில்லறையும் சிறிது காலம் சீட்டில்லாமலே புழங்கின. அதே ஆண்டு ஜூலையில் ஸ்லோவாக்கியா தன் கொருனாவின் மதிப்பை 10 சதவீதம் குறைத்தது. நாணயத்தைப் பிரிக்க முன்கூட்டியே இரகசியமாகத் தயாராகியிருந்ததால் அதில் பெரிய குழப்பம் நேரவில்லை. 2009-இல் ஸ்லோவாக்கியா யூரோவில் சேர்ந்தது; செக் குடியரசு இன்றும் தன் கொருனாவை வைத்திருக்கிறது.

யூரோவைவிட்டு மட்டும் விலக ஐரோப்பிய ஒப்பந்தங்களில் தனி விதி எதுவும் இல்லை. ஒன்றியத்தைவிட்டு முழுவதுமாக விலகவே விதி உண்டு. வாசலை எழுதிவைத்தால் அதைப் பார்த்தே பணம் ஓடும் என்பது அதற்கான வாதம். அது வலுவான வாதம்தான், ஆனாலும் நெருக்கடி வந்தால் வாசல் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்பதை யாராவது சிந்தித்து வைத்திருக்க வேண்டும். எனவே கடைசியாக ஒரு வேலை செய்யுங்கள். அந்த நாட்டின் அரசும் பெரிய நிறுவனங்களும் வெளியிட்டுள்ள கடன் பத்திரங்கள் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டுள்ளன என்று பட்டியலிடுங்கள். உள்நாட்டுச் சட்டத்தின் கீழ் உள்ள கடனை, புதிய நாணயம் வந்தால் நாடாளுமன்றமே ஒரு சட்டத்தால் அதற்கு மாற்றலாம். வெளிநாட்டுச் சட்டத்தின் கீழ் உள்ள கடன் பழைய நாணயத்திலேயே நின்று, மதிப்புக் குறையும்போது அந்த அளவுக்கு வீங்கும். இரண்டின் தொகையையும் தனித்தனியாகக் கூட்டி, நீங்கள் முதலில் எழுதிய மூன்று மோசமான ஆண்டுகளின் பக்கத்துக்கு அருகில் வைத்துப் படியுங்கள்.